சின்ன டாங்கி கிட்: சங்கிலிப் பட்டையைப் பார்த்து வாங்குங்கள்

பிளாஸ்டிக் பாகங்களைச் சேர்த்து நாமே செய்யும் மலிவான சின்ன டாங்கி கிட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் உள்ள படத்தையும் பாகங்களின் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை. வளைகிற மெல்லிய ஒற்றைப் பட்டையா, சக்கரங்களோடு சேர்த்தே வார்த்த துண்டா, நீளத் துண்டுகளும் தனிக் கண்ணிகளுமாக வரும் கெட்டிப் பிளாஸ்டிக்கா? எதை முதலில் ஒட்டுவது, எதற்கு எப்போது வண்ணம் பூசுவது, முடிவில் அது டாங்கியாகத் தெரியுமா பொம்மையாகத் தெரியுமா என்பதையெல்லாம் இந்த ஒன்றே தீர்மானித்துவிடுகிறது.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சின்ன கிட்களில் 1/76, 1/72 (உண்மையான டாங்கியில் 76இல், 72இல் ஒரு பங்கு) என்று இரண்டு அளவுகள் புழங்குகின்றன. பிரிட்டனில் ‘ஓஓ’ என்று அழைக்கப்படும் சிறு ரயில் மாதிரிகளின் அளவு 1/76. பிரிட்டிஷ் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1960களில் அந்த அளவில்தான் டாங்கிகளை வெளியிட்டது. 1970களில் வந்த மேட்ச்பாக்ஸும் அதே அளவைப் பின்பற்றி, பெட்டிக்குள் ஒரு சிறிய நிலக்காட்சித் தளத்தையும் வைத்துக் கொடுத்தது. இன்று வரும் புதிய கிட்களில் பெரும்பாலானவை 1/72. சோவியத் டி-34 டாங்கியின் உடல் சுமார் 6 மீட்டர் நீளம். 1/72இல் அது 8 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், 1/76இல் சற்றே குறையும். தனியாக வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு அளவுகளையும் ஒரே காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

பழைய அச்சில் வரும் 1/76 கிட்களில் பெரும்பாலும் வளைகிற பட்டைதான் இருக்கும். எளிதாகத் தோன்றும், உண்மையில் மூன்றிலும் அதிகத் தொல்லை தருவது இதுவே. சாதாரணப் பிளாஸ்டிக் பசை இதில் பிடிக்காது. பட்டையின் இரு முனைகளையும் இணைக்க, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களைச் சூடாக்கிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தி உருக்க வேண்டும். பூசிய வண்ணம் வளைக்கும்போது உதிரும். பட்டையின் இழுவிசை முன்பின் சக்கரங்களின் அச்சை உள்நோக்கிச் சாய்த்துவிடும். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம், சமாளிக்க முடியாதது தோற்றம். டி-34இல் சங்கிலியின் மேல்பகுதியைத் தாங்கும் சின்ன மேல் உருளைகள் கிடையாது. கனமான இரும்புச் சங்கிலி பெரிய சக்கரங்களின் தலையில் படுத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் லேசாகத் தொய்ந்து கிடக்கும். அந்தத் தொய்வுதான் டாங்கியின் எடையைக் கண்ணுக்குச் சொல்கிறது. வளைகிற பட்டையோ விறைப்பாக, சக்கரங்களைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மேல்பக்கத்தைச் சக்கரங்களோடு சூப்பர் குளூ வைத்து ஒட்டி, காயும் வரை பஞ்சை இடுக்கி அழுத்தி வைத்தால் ஓரளவு சரியாகும்.

ஆகவே வளைகிற பட்டை உள்ள கிட்டைத்தான் வாங்குவதென்றால், அதற்கு ஏற்ற டாங்கியைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க ஷெர்மனுக்கு மேல் உருளைகள் உண்டு. பட்டை இறுக்கமாக இருந்தாலும் உறுத்தாது. பிரிட்டிஷ் மாட்டில்டாவின் பக்கக் கவசம் மேல்பாதியை மறைத்தே விடுகிறது. டி-34, ஜெர்மன் டைகர், பாந்தர் மூன்றையும் இந்த வகையில் வாங்க வேண்டாம் என்பேன். டிராகன் நிறுவனத்தின் டிஎஸ் பட்டைகள் இதற்கு விலக்கு: வளைந்தாலும் சாதாரணப் பசையை ஏற்கும்.

அடுத்தது சீக்கிரம் கூடும் கிட்: பசையில்லாமல் பொருத்துவது, அல்லது சக்கரங்களோடு சங்கிலியைச் சேர்த்து வார்த்தது. முதலாவதற்கு ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/72 வரிசை நல்ல உதாரணம். இத்தாலேரி, சக்கரமும் சங்கிலியும் ஒன்றாக வார்த்த விரைவுக் கிட்களை ஒரே பெட்டியில் இரண்டாகக் கொடுத்தது. ஒரே மாலையில் வண்டி நின்றுவிடும். சங்கிலியின் வடிவமும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் தொய்வை அச்சிலேயே செதுக்கிவிடலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. சேர்த்து வார்த்த துண்டில் சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குக் கறுப்பு பூச, மெல்லிய தூரிகையைச் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவே நுழைக்க வேண்டியிருக்கும்; கை நிதானம் தேவை. இன்னொன்று: பசை வேண்டாம் என்று பெட்டி சொன்னாலும் நான் பசை போடச் சொல்வேன். பொருத்து முளைகள் இறுக்கமாக இருந்தால் பாதியில் நின்று மூட்டில் இடைவெளி தெரியும். முளையின் நுனியைச் சாய்வாகச் சீவிவிட்டு, திரவப் பசையை மூட்டில் ஓடவிட்டு அழுத்துங்கள்.

மூன்றாவது, நீளத் துண்டும் தனிக் கண்ணியும். ரெவெல்லின் 1/72 டைகரும் பாந்தரும் இப்படி வருபவை. பயப்பட ஒன்றுமில்லை. மேலும் கீழும் நேர்த்துண்டுகள். வளைவுகளில் மட்டும் சின்னக் கண்ணிகள். கண்ணிகளை மேசை மேலேயே வரிசையாக ஒட்டுங்கள். பசை பிடித்தும் முழுதாக இறுகாமலும் இருக்கும் நேரத்தில் எடுத்துப் பல்சக்கரத்தைச் சுற்றி வளைத்தால் படிந்து உட்காரும். மேல்துண்டை அப்போதே விரலால் மெல்ல அழுத்தினால் தொய்வும் கிடைத்துவிடும். இந்த மூன்றில் என் தேர்வு இதுதான். வேலை கூடுதல், ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பலன் கண்ணில் தெரிகிறது. வண்ணம் பூசுவதில் மட்டுமே ஆசை உள்ளவருக்கு இரண்டாவது வகை போதும்.

வண்ணத்தில் போட்டி எண்ணெய் சார்ந்த எனாமலுக்கும் நீரில் கலக்கும் அக்ரிலிக்குக்கும். தூரிகைத் தடம் தெரியாமல் சமமாகப் படிவதில் எனாமலை மிஞ்ச முடியாது. ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், வாடையும் உண்டு. சின்ன டாங்கிக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வேன். முக்கியக் காரணம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இடுக்குகளில் அழுக்கு நிறம் இறங்க, எனாமலையோ எண்ணெய் வண்ணத்தையோ ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஓடவிடுகிறோம். அடியில் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் இருந்தால் அசையாது. அடியிலும் எனாமலே இருந்து, இடையில் வார்னிஷ் இல்லாவிட்டால் அது கரைந்து மேலே வரும். அக்ரிலிக்கை நீர்க்கக் கலந்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் ரிவெட்டுகள் மூழ்கிவிடும். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இந்த அளவுக்கு அவசியமில்லை.

நிறத்தை அப்படியே குப்பியிலிருந்து எடுத்துப் பூச வேண்டாம். 8 சென்டிமீட்டர் வண்டியில் சோவியத் பச்சை கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூத்ததுபோல ஆகிவிடும். கொஞ்சம் மஞ்சளோ மணல் நிறமோ கலந்து வெளுக்க வையுங்கள். எண், நட்சத்திரம் போன்ற ஒட்டுப்படங்களுக்கு அடியில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள், இல்லையென்றால் படத்தின் ஓரம் வெள்ளிபோல மினுங்கும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், மற்ற எல்லாம் முடிந்த பிறகு. அதற்கும் பிறகு, சங்கிலியின் தரையில் படும் மேடுகளில் மட்டும் மென்பென்சிலைத் தேயுங்கள். தேய்ந்த இரும்பின் மினுக்கம் அதிலேயே வந்துவிடும், தனியாக உலோக வண்ணம் வாங்க வேண்டியதில்லை.