காணி உறுதியா, பெர்மிற்றா? கிளிநொச்சியில் ஒரு கார்க் கொட்டகை

இந்த முறை கனடாவிலிருந்து போன ஊர்ப் பயணத்தில் பாதிப் பொழுது கந்தோர் வாங்கிலில் கழிந்தது. அண்ணையின் காருக்கு ஒரு கொட்டகை போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய கார்கள் விலை ஏறின ஏற்றத்துக்கு, வன்னி வெயிலில் காரைக் காய விட ஆருக்கு மனம் வரும்?

பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) நாலு தூண், மேலே அமானோ சீற் எனும் கூரைத் தகடு. வெல்டிங் பொடியன் “இதுக்கும் பெர்மிசனோ?” என்று சிரித்தான். ரொறன்ரோவில் 10 சதுர மீற்றரைத் தாண்டினால் இப்படிக் கொட்டகைக்கும் அனுமதி வேண்டும். இலங்கையில் ஒரு கார் நிறுத்த வைத்திருக்கும் அளவே 2.4 க்கு 4.8 மீற்றர், அதுவே 11 சதுர மீற்றருக்கு மேல். ஊரிலும் சட்டம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதி என்றால் அவர்களின் ஒழுங்குவிதிகள். அதைவிட 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் விண்ணப்பம் பிரதேச சபைக்குத்தான்.

அங்கே முகப்பில் இருந்த பிள்ளை கொட்டகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “காணி உறுதியா, பெர்மிற்றா அண்ணை?” என்றாள். உறுதி என்றால் சொந்த உரிமைப் பத்திரம், பெர்மிற் என்றால் அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம். வன்னியில் அரைவாசிப் பிரச்சினை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகள். எங்களது அம்மாவின் பேரில். அதனால் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் கடிதமும் கொண்டு வரச் சொன்னார்கள். காசு என்னுடையது என்றாலும் கையெழுத்து அம்மாவினது. கனடாப் பாஸ்போர்ட்டோடு போன எனக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பெர்மிற்றை முழு உரிமையாக்கும் ‘உறுமய’ திட்டம் 2024 இல் தொடங்கியது, அதற்கும் விண்ணப்பியுங்கள் என்று கிராம அலுவலர் சொன்னார். அது வேறு கதை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொன்ன நாளிலேயே மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. ரேப்பை எடுத்தவர் வேலியைத் தொடவே இல்லை. “எல்லைக்கல்லு எங்கை?” என்றார். 2010 இல் மீளக் குடியேறியபோது பற்றைக்குள் கல்லைத் தேடி ஆர் வேலி அடைத்தார்கள்? கிடைத்த இடத்தில் கதியாலை ஊன்றினார்கள். கிளுவை மூட்டில் மண்வெட்டியால் கிளறிக் கல்லைக் கண்டுபிடித்தால், அது எங்கள் பக்கம் இரண்டு முழம் உள்ளே நிற்கிறது. வேலியை நம்பித் தூண் நட்டிருந்தால் பக்கத்து வளவில் நட்டிருப்போம். “தம்பி, சீற்றிலை விழுற தண்ணியும் உங்கடை வளவுக்கைதான் விழவேணும், பீலி பூட்டுங்கோ” என்று படத்தில் பேனையால் கோடு போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு மாமாவையும் கூப்பிட்டுக் கல்லைக் காட்டியது நல்ல வேலை. அவருக்கு லாபம் என்பதால் தேத்தண்ணி வந்தது.

எங்கள் ஒழுங்கை பிரதேச சபையின் வீதி, அதனால் சபையோடு முடிந்தது. ஏ9 ஓரமாகவோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ காணி இருப்பவர்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் போக வேண்டும். அவர்கள் வீதியின் நடுக்கோட்டிலிருந்து அளப்பார்கள்.

எரிச்சல் ஒன்றுதான். சபையின் திட்டமிடல் குழு கூடும் நாள் வரை எங்கள் விண்ணப்பக் கோவை கிடந்தது. கூடிய அன்றுதான் நில அளவைப் படத்தின் பிரதி இல்லை என்றார்கள். விண்ணப்பத்தை வாங்கும்போதே ஒரு ஆள் புரட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். படிவத்தோடு என்னென்ன வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்ட என்ன செலவு? லஞ்சமாகக் காசு கேட்டார்களா என்று இங்கே கனடாவில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை, ரசீது தந்த கட்டணம் மட்டும்.

அனுமதி வந்து கூரையும் ஏறிவிட்டது. அனுமதித்த படத்தின்படியே கட்டியது என்று தரும் இணக்கச் சான்றிதழுக்கு அண்ணைதான் அலைய வேண்டும். பீலி இன்னும் பூட்டவில்லை. மாரிக்கு முன் பூட்டு என்று வட்ஸ்அப்பில் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.