ஊராட்சிக் கணக்கைக் கேட்க: கிராம சபையா, ஆர்டிஐ மனுவா?

இந்தத் தலைவருக்கு மறுபடி ஓட்டுப் போடலாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வரவு செலவு. தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: கிராம சபைக் கூட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனு.

செலவு
சபை: ஒன்றுமில்லை.
மனு: 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவும் ஒட்டலாம். நகலுக்குத் தனிக் கட்டணம்.

காலம்
சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.
மனு: எந்த நாளும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

சறுக்கும் இடம்
சபை: 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) 100 பேர். ஆள் சேர்க்க முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படும். எழுதியதைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.
மனு: கேள்வி கேட்கும் விதம்தான். “ஏன் சாலை போடவில்லை?” என்றால் கைவிரித்துவிடுவார்கள். ஆண்டையும் தெருப் பெயரையும் குறிப்பிட்டு, மதிப்பீடு, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்), பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். எம்-புக்கில் உள்ள நீள அகலத்தை டேப் பிடித்து நீங்களே சரிபார்க்கலாம். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அடுத்து 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே இழுக்கும், பொறுமை வேண்டும்.

குடிநீர், தெருவிளக்கு போன்ற ஊர்ப் பொதுக் குறைக்குச் சபை போதும். பணம் எங்கே போனது என்று ஆவணத்தோடு கேட்க மனுதான். நேரமிருந்தால் இரண்டு மாதம் முன்பே மனு போட்டு, கிடைத்த நகலோடு சபைக்குப் போங்கள்.