பசலி 1348 ரசீதோட ஊருக்குப் போன கதை

போன மாசம் ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு சிங்கப்பூர்லேந்து ஊருக்குப் போயிருந்தேன். கோயில் குளம்னு எந்தப் பிளானும் இல்ல, தாத்தாவோட வயல் எது, அது எப்படிக் கைய விட்டுப் போச்சு, இத மட்டும் தெரிஞ்சுக்கணும்னுதான். கேஸ் போடவோ பங்கு கேக்கவோ போகல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ஊர்ல காலெடுத்து வச்சதும் எல்லாரும் அதத்தான் சுத்தி வளைச்சுக் கேட்டாங்க.

எங்க வீட்டுல சொல்ற கதை இதான். தாத்தா யுத்தத்துக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தவரு, அவரு இங்க கெடந்து ஒழைக்கறப்ப ஊர்ல இருந்த தம்பி நெலத்த ஏமாத்தி எழுதிக்கிட்டாரு. பாட்டி சொல்லிச் சொல்லி அப்பா மனசுல அது கல்லா ஒக்காந்துடுச்சு, 85 வயசாவுது, இன்னிக்கும் அந்தப் பேச்ச எடுத்தா பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுடுவாரு. வேடிக்கை என்னன்னா, ஊர்ல எனக்குத் தொணைக்கு வந்தவரே அந்தத் தம்பியோட மகன்தான், எனக்கு சித்தப்பா முறை.

கையில இருந்தது ஒரே ஒரு கிஸ்தி ரசீது, அதாவது நெலவரி கட்டுன ரசீது. பசலி 1348, பட்டா நெம்பர் 57, நஞ்சை ஒம்பது மா, தஞ்சாவூர் ஜில்லா மாயவரம் தாலுகா. பசலிங்கறது நெலவரிக் கணக்குக்கு வச்சிருந்த வருஷம், இங்கிலீஷ் வருஷம் வேணும்னா அதோட 590 கூட்டணும், அப்ப 1938-39. ஜில்லா தஞ்சாவூர்னு போட்டிருக்கேன்னு நான் பாட்டுக்கு நேரா தஞ்சாவூருக்குப் போய் நின்னேன், ஒரு நாள் வேஸ்ட். மாயவரம் 1982ல மயிலாடுதுறை ஆச்சு, 1991ல நாகப்பட்டினம் மாவட்டத்தோட போச்சு, 2020ல அதுவே தனி மாவட்டமும் ஆயிடுச்சு. இதெல்லாம் நியூஸ்ல படிச்சவன்தான், ஆனா தாத்தா ரசீதுக்கும் அது பொருந்தும்னு மண்டையில ஏறல.

அப்பா "கர்ணத்தப் பாருடா, எல்லாம் அவருகிட்ட இருக்கும்"னு சொல்லி அனுப்பியிருந்தாரு. ஊர் நெலக் கணக்கு எழுதுற கர்ணம், வரி வசூலிக்கற மணியம், இந்தப் பதவியெல்லாம் 1980லயே எம்ஜிஆர் ஆட்சியில எடுத்தாச்சு, இப்ப விஏஓதான். நான் பாத்த விஏஓ முப்பது வயசுக்குள்ள ஒரு பொண்ணு, ரசீதப் பாத்துட்டு "சார், இந்தப் பட்டா நெம்பர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, சர்வே நெம்பர் சொல்லுங்க"ன்னாங்க. அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்.

அப்பதான் சித்தப்பா வாயத் தொறந்தாரு. "வயல் எதுன்னு எனக்குத் தெரியும் தம்பி, நெம்பர்தான் தெரியாது, எங்கப்பாவும் அத எழுபதுகள்லயே வித்துட்டாரு." பைக்ல கூட்டிட்டுப் போய் வாய்க்கா மதகுல எறக்கி வரப்புல நின்னு கைய நீட்டிக் காட்டுனாரு. விஏஓ மேடம் கிராம மேப்பையும் புலப்படத்தையும் வச்சு அந்த எடத்தோட இன்னைய நெம்பரக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க.

இத யாராவது தேடறவங்க கவனிச்சுக்கங்க. 1979லேந்து 1987 வரைக்கும் யூடிஆர்னு சொல்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்துச்சு, அதுல சர்வே நெம்பரெல்லாம் உட்பிரிவாகி மாறிப்போச்சு, ஏக்கர் போய் ஹெக்டேர் வந்துச்சு. அப்ப எழுதுன 'அ' பதிவேட்டுல, அதாவது கிராமத்து நெலமெல்லாம் நெம்பர் வாரியா இருக்கற ரிஜிஸ்டர்ல, பழைய புல எண்ணுன்னு ஒரு காலம் (column) இருக்கும், பின்னாடி போறதுக்கு அதான் வழி. எங்க வயல் இப்ப மூணு உட்பிரிவு, மூணையும் கூட்டுனா 1.21.5. ஒரு ஹெக்டேர் இருபத்தொண்ணரை ஏர்ஸ், அதாவது மூணு ஏக்கர், மூணு மா ஒரு ஏக்கர்னா ஒம்பது மா. செல்போன் கால்குலேட்டர்ல ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், ரசீதுல இருந்த ஒம்பது மாவேதான். சின்னப் புள்ள மாதிரி சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்துல வருமானச் சான்றிதழுக்கு நின்ன அம்மா ஒரு மாதிரி பாத்தாங்க.

பழைய நெம்பர் கெடச்சதும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். இவ்வளவு பழசுக்கு ஆன்லைன் வில்லங்கம் எனக்கு ஒதவல, நேர்ல மனு குடுத்து இண்டெக்ஸ் புஸ்தகத்துல தேடச் சொல்லணும், வெளிநாட்டுலேந்து ஒக்காந்துட்டே பண்ணலாம்னு நெனைக்காதீங்க. சொத்துப் பத்திரம் ஏறுற புக் 1ஐ ஃபீஸ் கட்டி யாரு வேணும்னாலும் பாக்கலாம், வாரிசா இருக்கணும்னு இல்ல, சட்டத்துலயே அப்படித்தான். உயில் ஏறுற புக் 3 அப்படி இல்ல. இது தெரியாம டீக்கடையில ஒரு புரோக்கர் "ஃபாரின் பார்ட்டிக்கெல்லாம் காட்ட மாட்டாங்க, அஞ்சாயிரம் குடுங்க நான் பாத்துக்கறேன்"னதும் பர்ஸ்ல கைய விட்டுட்டேன், சித்தப்பாதான் என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு.

நாலு நாள் கழிச்சு நகல் வந்துச்சு. தாத்தா கையெழுத்தப் பாக்கலாம்னு ஆசையா போனேன், அது கெடையாது, புக்ல இருக்கறது அந்தக் கால குமாஸ்தா பாத்து எழுதுன காப்பிதான், கையெழுத்து இருக்க வேண்டிய எடத்துல தாத்தா பேரு எழுதி ஒப்பம்னு போட்டிருந்துச்சு. சித்தப்பா கண்ணாடி எடுத்துட்டு வரல, "நீயே படி"ன்னாரு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். விரோதி வருஷம் வைகாசி மாசம்னு ஆரம்பிக்குது, 1949. நெசமாவே அந்த வருஷத்துக்கு விரோதின்னுதான் பேரு, எங்க குடும்பத்துக்குன்னு வச்ச மாதிரி. செக்குபந்தி நாலு எல்லையும் சரியா இருக்கு, கெழக்க வாய்க்கா. தாத்தா நேர்ல வந்து, தம்பிக்கு, மூவாயிரத்து எரநூறு ரூபாய்க்கு சுத்தக் கிரயம் எழுதிக் குடுத்திருக்காரு. காரணமும் போட்டிருக்கு: "என் மூத்த குமாரத்தி கலியாணச் செலவுக்கும் நான் சிங்கப்பூர் பிரயாணம் போவதற்கும்."

நான் நிறுத்திட்டேன். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "எங்கப்பா சாவுற வரைக்கும் இதத்தான் சொன்னாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணப் போயிட்டாரு. இத்தன வருஷப் பேச்சும் அவரு காதுக்கு வந்திருக்கும்ல, ஆனாலும் எனக்காக எட்டு நாள் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு.

ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பத்திரத்த அப்படியே படிச்சுக் காட்டுனேன். காரணம் போட்டிருக்கற வரியில "திரும்பப் படி"ன்னாரு, படிச்சேன். "எந்த வருஷம்னு சொன்ன?"

"49, வைகாசிப்பா."

ஸ்கிரீன்ல அவரு நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது, போன எப்பவும் அப்படித்தான் புடிப்பாரு.

"அக்காவுக்குக் கல்யாணம் ஆவணியில"ன்னாரு.