ஜாம்பிசைட் பிளாக் பிளேக்: நீலகிரியில் மூன்று மழைக்காலம் ஆடிய பிறகு

ஜாம்பிசைட் பிளாக் பிளேக் என்ற போர்டு கேமில் முதல் நாலைந்து ஆட்டம் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் போகும். நல்ல ஆயுதம் கிடைத்தவர் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்ப்பார், மற்றவர்கள் கை தட்டுவார்கள், முக்கால் மணி நேரத்தில் போர்டு முழுக்க ஜாம்பி நிற்கும். பகடை கைவிட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே பெட்டியை மூடுவார்கள். பகடை பாவம். சிக்கல் அந்த வெட்டிச் சாய்த்தவரின் மார்க் ஷீட்டில் இருக்கிறது.

2012இல் வந்த முதல் ஜாம்பிசைட் இன்றைய நகரத்தில் நடப்பது. மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி 2015இல் வந்த பிளாக் பிளேக், அதையே வாளும் மந்திரமும் உள்ள காலத்துக்குக் கொண்டுபோனது. ஆடுகிறவர்களுக்குள் போட்டி கிடையாது. எல்லாரும் ஒரே கட்சி, எதிரி போர்டுதான். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஆறு சர்வைவரும் (நாம் நடத்தும் வீரர்கள்) இறங்கியாக வேண்டும், இரண்டு பேர் என்றால் ஆளுக்கு மூன்று. பெட்டியில் 60 நிமிடம் என்று போட்டிருப்பதை நம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். பெரிய குவெஸ்ட் (ஒரு ஆட்டத்துக்கான பணி) இரண்டரை மணி நேரம் சாதாரணமாக இழுக்கும்.

இப்போது அந்த மார்க் ஷீட். ஒவ்வொரு சர்வைவரும் நீலத்தில் தொடங்குவார். 7 அனுபவப் புள்ளியில் மஞ்சள், 19இல் ஆரஞ்சு, 43இல் சிவப்பு. சாதாரண ஜாம்பிக்கு 1 புள்ளி, ராட்சத ஜாம்பியான அபாமினேஷனுக்கு 5, குவெஸ்ட் டோக்கனுக்குப் பெரும்பாலும் 5. மஞ்சளைத் தொட்டவருக்கு மூன்று ஆக்‌ஷன் நான்காகும் என்பதால் எல்லாரும் அதற்குத்தான் பறப்பார்கள். ஆனால் புது ஜாம்பிகளை இறக்கும் ஸ்பான் கார்டைப் புரட்டும்போது எந்த நிற வரிசையைப் படிப்பது? ஆறு பேரில் யார் மேலே இருக்கிறாரோ அவருடைய நிறத்தை. ஒருவர் ஆரஞ்சில், ஐவர் நீலத்தில் என்றால், ஆரஞ்சு வரிசைக் கூட்டம் அந்த ஐந்து நீலப் பிள்ளைகள் தலையில் வந்து விழும்.

நீண்ட நாள் ஆடியதில் நிலைத்த வழக்கம் இது: முன்னால் ஓடுகிறவர் 6இல் நின்றுவிட வேண்டும். அவர் கதவு திறக்கட்டும், வீட்டுக்குள் தேடட்டும், கிடைத்த ஆயுதத்தைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கட்டும். மற்ற ஐவரில் நாலு பேராவது 4, 5ஐ எட்டிய பிறகுதான் அவர் ஏழாவதை வெட்டலாம். கையில் நல்ல வாளை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இதே கணக்கு டிராகன் ஃபயரில் இன்னும் கடுமை. டிராகன் பைல் என்ற எரிதிரவக் கார்டை போர்டின் ஒரு கட்டத்துக்குள் வீசி, டார்ச் (தீப்பந்தம்) வைத்திருப்பவர் பற்றவைத்தால் அங்கே நிற்கும் எல்லாம் சாம்பல். அபாமினேஷனும் போகும், தப்பித்தவறி உள்ளே மாட்டிய நம் ஆளும் போவார். புள்ளி முழுவதும் பற்றவைத்தவருக்கு. பன்னிரண்டு ஜாம்பி நிற்கும் கட்டத்தை 6இல் இருப்பவர் கொளுத்தினால் ஒரே தாவலில் 18, ஆரஞ்சுக்கு ஒரு பிணம்தான் பாக்கி. 1இல் கிடப்பவர் கொளுத்தினால் 13. டார்ச் எப்போதும் கடைசி பெஞ்சுக்காரர் கையில் இருக்கட்டும்.

அடிக்கடி தப்பாக ஆடப்படும் விதிகள் சில. ஆயுதத்தின் டேமேஜைப் பல அடிகளாகக் கூட்டிக்கொள்ள முடியாது. மெதுவாக நடக்கும் வாக்கருக்கும் வேகமாக ஓடும் ரன்னருக்கும் 1 போதும், தடித்த ஃபேட்டிக்கு 2 வேண்டும், அபாமினேஷனுக்கு 3. 1 டேமேஜ் கத்தியால் ஐந்து முறை குத்தினாலும் ஃபேட்டிக்கு ஒன்றும் ஆகாது. நம் ஆள் நிற்கும் கட்டத்துக்குள் அம்பு விட்டால், குறி தவறியது அவர் மேல்தான் பாயும். அடுத்தது பலரும் மறப்பது: ஒரே தூரத்தில் இரண்டு வழி இருந்தால் ஜாம்பிகள் சம எண்ணிக்கையில் பிரியும், ஒற்றைப்படையாக இருந்தால் பெட்டியிலிருந்து ஒன்றைச் சேர்த்துச் சமமாக்க வேண்டும். ஐந்து வாக்கர் இரண்டாகப் பிரிந்தால் மூன்றும் மூன்றும். சந்து முனையில் நிற்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் சும்மா நின்றே கூட்டத்தை வளர்த்துவிடுவீர்கள்.

பெட்டியில் 35 வாக்கர், 14 ரன்னர், 14 ஃபேட்டி. போர்டில் வைக்க ஒரு வகையில் பொம்மை தீர்ந்துபோனால், அந்த வகை முழுவதும் உடனே இன்னொரு முறை நகரும். ரன்னர் ஏற்கெனவே இரண்டு ஆக்‌ஷன்காரன், அது தீர்ந்தால் நாலு கட்டம் பாய்ந்து வருவான். பெட்டியில் ரன்னர் நாலுக்குக் கீழே போனதும் மற்றதை விட்டுவிட்டு ரன்னரை மட்டும் குறைப்பது நல்லது. பிணங்களை எழுப்பும் மந்திரவாதி நெக்ரோமேன்சர் வந்த இடமே புது ஸ்பான் வாசல் ஆகிவிடும். அவனை விட்டுவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி மலைக்கு மட்டுமான தலைவலி. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு, ஊட்டிக்கு இரண்டும். ஆள் வீட்டுக்குள் அடைந்து போர்டு கேம் ஆடுவதும் அந்த மாதங்களில்தான், அட்டை கெடுவதும் அப்போதுதான். பெட்டியில் போர்டாகச் சேர்த்து வைக்கும் ஒன்பது அட்டை டைல், இரு பக்கமும் அச்சடித்தவை, ஒவ்வொன்றும் 25 செ.மீ. சதுரம். ஒன்பதையும் பரப்பினால் 75 செ.மீ. சதுரம் ஆகிறது, சர்வைவர்களின் கணக்கு வைக்கும் ஆறு டாஷ்போர்டுக்கும் சேர்த்து 120க்கு 90 செ.மீ. மேஜை வேண்டும். ஈரம் குடித்த டைல் தோசை ஓரம் மாதிரி மேலே தூக்கும். பக்கத்து டைலோடு விளிம்பு சேராது, மேஜையைத் தொட்டாலே ஃபேட்டி கதவு வரைக்கும் சறுக்கிப் போகும்.

வளைந்ததை ஹீட்டர் முன்னால் நிறுத்திக் காயவைப்பது பெரிய தப்பு. சூடு படும் பக்கம் முதலில் சுருங்கி, டைல் அந்தப் பக்கமாக வளையும். இரண்டு பக்கமும் பழைய செய்தித்தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, காய்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குடித்த ஈரத்தையே திருப்பிக் கொடுக்கும். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ராத்திரி குளிரில் அந்தச் சுவர்தான் முதலில் வேர்க்கும்.

பெட்டிக்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டிப் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. நிறம் மாறுகிற ஆரஞ்சு ரகம் வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் குளோரைடு உண்டு, அதை வீட்டில் வைத்துச் சூடாக்குவது சரியில்லை. ஆரஞ்சு ரகம் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். மழை மாதத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இந்த வேலை இருக்கும்.

கார்டுகளுக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி வர்க்கி. உதிரும் தூளும் அதிலிருக்கும் நெய்யும் சேர்ந்து கார்டின் பின்பக்கத்தில் ஒரு கறை விட்டால், அது இனி அடையாளம் போட்ட கார்டு. ஸ்லீவ், அதாவது கார்டு உறை, போடுவது உத்தமம். இவை சின்ன அளவு கார்டு, சாதாரண சீட்டுக்கட்டு ஸ்லீவ் லொடலொடவென்று இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

பொம்மைகள் மென்மையான பிளாஸ்டிக். வாளும் கோலும் பெட்டியிலிருந்து வரும்போதே வளைந்திருக்கலாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் அப்படியே நிற்கும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், இந்த வேலைக்கு அதுவே தாராளம். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் கூட வேண்டாம்.

பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் முதல் பூச்சான ஸ்ப்ரே பிரைமரை மிஸ்ட் இறங்கிய நாளில் தொடவே கூடாது. காற்றின் ஈரத்தில் அது பொம்மை மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்து முகமே தெரியாமல் போகும். பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் இங்கே சரி. அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள். முழுக்கப் பூசப் பொறுமை இல்லாதவர்கள் ரன்னர்களின் அடித்தட்டு விளிம்பில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டால் போதும். கரண்ட் போய் எமர்ஜென்சி லைட்டில் ஆடும்போது வாக்கர் எது, ரன்னர் எது என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்காது.

பெட்டியில் உள்ள பத்து குவெஸ்ட் முடிந்ததும் வுல்ஃப்ஸ்பர்க் என்ற கூடுதல் பெட்டியை வாங்கலாமா என்ற கேள்வி வரும். அதில் வரும் ஜாம்பி ஓநாய்க்கு ஒரு முறையில் மூன்று ஆக்‌ஷன். முன்னால் ஓடுகிறவரை 6இல் பிடித்து நிறுத்த உங்கள் கூட்டத்துக்குப் பழகியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் கையில் இருக்கும் பத்தையே இன்னொரு சுற்று ஆடுங்கள்.