இந்தியக் கம்பெனி காரா, ஜப்பான் காரா? இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று 2012-இல் வாங்கிய ஜப்பான் கம்பெனியின் பெட்ரோல் ஹேட்ச்பேக். இன்னொன்று 2020-இல் வாங்கிய இந்தியக் கம்பெனியின் டீசல் எஸ்யூவி, நாலு மீட்டர் நீளத்துக்குள் வருவது. ஊர் நாமக்கல். மாடல் பெயர்களைச் சொல்லாமல்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு வீட்டில் நிற்கும் ஒரு வண்டியை வைத்து ஒரு கம்பெனியையே எடைபோடுவது நியாயமில்லை. ஆனால் கார் வாங்கப் போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் "நம்ம நாட்டு வண்டிய நம்பலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெட்ரோல் வண்டி. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர் என்று தேய்கிற சாமான்கள் மாறியிருக்கின்றன. இன்ஜினைப் பிரித்ததே இல்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, டச் ஸ்கிரீனும் கிடையாது. கெட்டுப்போக வாய்ப்புள்ள சாமான்களே அதில் குறைவு. பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "இந்த இன்ஜின்ல கை வைக்கவே வேண்டாங்கண்ணா, ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்திடுங்க." கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகாமலே பல வருடங்கள் ஓடுகிறது. எந்த சாமான் கேட்டாலும் ஊருக்குள்ளேயே கிடைக்கும், அல்லது மறுநாள் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடும்.

அந்த வண்டியின் குறையையும் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கிய வேரியன்ட்டில் ஏர்பேக் இல்லை, சட்டென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் இல்லை. அன்றைக்குச் சட்டம் அதைக் கேட்கவில்லை. இரண்டும் கட்டாயமானது 2019-இல்தான், அதுவும் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் மட்டும். சேலம் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது கதவின் மெல்லிய தகடு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். குழந்தை பிறந்த பிறகு அந்த நினைப்பை ஒதுக்க முடியவில்லை. எஸ்யூவி வாங்கியதற்கு அதுதான் காரணம்.

அந்தச் சமயத்தில் பாதுகாப்பில் முந்திக்கொண்டவை இந்தியக் கம்பெனிகள்தான். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு டாடா நெக்ஸான், 2018 டிசம்பரில். 2020 தொடக்கத்தில் மஹிந்திரா எக்ஸ்யூவி300-ம் அதை எட்டியது. அதே காலத்தில், ஜப்பானின் சுசுகி கையில் இருக்கும் மாருதியின் ஸ்விஃப்ட்டுக்கு 2 நட்சத்திரம், எஸ்-பிரஸ்ஸோவுக்கு பூஜ்யம். இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023-இல் கொரியாவின் ஹூண்டாய் வெர்னாவும், 2024-இல் மாருதி டிசையரும் 5 நட்சத்திரம் பெற்றுவிட்டன. இந்தியக் கம்பெனிகள் போட்ட அழுத்தம் இல்லாமல் மற்றவர்கள் இவ்வளவு சீக்கிரம் அசைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

சரி, அந்த எஸ்யூவி எப்படி? முதல் ஒன்றரை வருடம் சலிப்பாக இருந்தது. டச் ஸ்கிரீன் உறைந்து நிற்கும், ரிவர்ஸ் கேமரா வராது. ஏதோ ஒரு சென்சார் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்குப் போனால் அணைந்திருக்கும். பின்கதவில் கடகடவென்று ஒரு சத்தம். அதற்காகவே பல தடவை அலைந்தோம். ஒரு தடவை சாமானை மாற்றினார்கள், அடுத்த தடவை ரப்பர் வைத்தார்கள், கடைசியில் பூட்டை லேசாக நகர்த்தியதும் நின்றுவிட்டது. சாஃப்ட்வேர் புதுப்பித்த பிறகு ஸ்கிரீன் தொல்லையும் தீர்ந்தது. இதில் எதுவும் இன்ஜின் கோளாறு இல்லை, வழியில் நிறுத்தவும் இல்லை. ஆனாலும் புது வண்டிக்குக் கடன் கட்டிக்கொண்டே சர்வீஸ் சென்டரில் அரைநாள் உட்கார்ந்திருப்பது எரிச்சலான விஷயம்.

அதன் பிறகு வண்டி அமைதியாகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழுக் குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு, முக்காமல் ஏறுகிறது. பெங்களூரு ரோட்டில் நூறில் போகும்போது ஸ்டீயரிங் கையில் ஆடுவதில்லை. சஸ்பென்ஷன் நம் சாலைகளைத் தெரிந்தவர்கள் செய்தது என்பது வேகத்தடையில் ஏறி இறங்கினாலே புரியும். இந்த விஷயத்தில் ஜப்பான் வண்டி பக்கத்தில்கூட நிற்க முடியாது.

டீசல் பற்றித் தனியாக ஒன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியை அது எரித்துத் தள்ள வேண்டுமானால் இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டருக்குள் சுற்றினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். எங்களுக்கும் எரிந்தது. நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டினோம், அணைந்துவிட்டது. இதைப் பலர் "இந்திய வண்டின்னா இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். கொரியா கம்பெனியின் டீசல் வாங்கினாலும் இதேதான் நடக்கும். ஊருக்குள் ஓட்ட மட்டும் வண்டி என்றால், எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் டீசல் வேண்டாம்.

எந்த நாட்டுக் கம்பெனி என்பது எவ்வளவு தூரம் முக்கியம் என்று யோசிக்கும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். இத்தாலிக்காரர்கள் வடிவமைத்தது. மாருதி ஸ்விஃப்ட்டில் அதுதான் ஓடியது, டாடா இண்டிகா விஸ்டாவில் அதுதான், ஃபியட் புன்டோவிலும் அதுதான். பழைய கார் சந்தைக்குப் போனால் ஸ்விஃப்ட்டுக்குக் கூட்டம் நிற்கும். விஸ்டாவுக்குப் பேரம் பேசவே ஆள் தேட வேண்டும். புன்டோ அதற்கும் கீழே. இன்ஜின் ஒன்றேதான். விலையைத் தீர்மானித்தது மற்றதெல்லாம்: உள்ளே பிளாஸ்டிக் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, வயரிங் எப்படி, சாமான் எந்த ஊர் வரை கிடைக்கிறது, சர்வீஸ் சென்டர் எத்தனை. உடைகிறதா என்பதைவிட, உடைந்தால் எத்தனை நாளில் சரியாகும் என்பதைத்தான் சந்தை பார்க்கிறது.

தயாரிப்பும் அப்படித்தான். ஹூண்டாய் கார் இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படுகிறது, ரெனோ ஒரகடத்தில். ரானே, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போன்ற நம்மூர் கம்பெனிகளின் சாமான்கள் இரண்டு தரப்புக் கார்களுக்குள்ளும் போகின்றன. கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருவது வடிவமைப்பும், தரம் பார்க்கும் கண்டிப்பும். அந்தக் கண்டிப்பில் இந்தியக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி கீழேதான் இருக்கின்றன. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் எங்கள் பின்கதவின் சத்தம் அந்த ஒரு படிதான்.

வெளிநாட்டுக் கம்பெனியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளம்பிப் போய்விடுவார்கள். செவ்ரோலே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு வண்டி வைத்திருப்பவர்கள் அதன் ஓட்டத்தை இன்றைக்கும் புகழ்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் விற்கப் போனால் விலை கிடைப்பதில்லை. காப்பீட்டுக் கணக்கில் எந்தக் காருக்கும் ஐந்தாவது வருடம் முடியும்போது மதிப்பு பாதிதான். சந்தை அப்படிச் சமமாக நடத்துவதில்லை.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். வீட்டுக்கு ஒரே வண்டி, சின்ன ஊர், பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கீழேதான் ஓட்டுவீர்கள் என்றால், மாருதி, ஹூண்டாய், டொயோட்டா ஆகியவற்றின் டர்போ இல்லாத பெட்ரோல், மேனுவல் கியர் வண்டிகளைப் பாருங்கள். ஆறு ஏர்பேக் இருக்கிறதா, இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவர், மலை ஏறுபவர் என்றால் டாடாவும் மஹிந்திராவும் அந்த விலைக்குக் கொடுப்பதை மற்றவர்கள் கொடுப்பதில்லை. ஆனால் மாடல் வந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கட்டும். முதல் வருடத்துக் கோளாறுகளை அதற்குள் அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுகிறார்கள்.

ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஊரில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், அந்த மாடலின் ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட் மூன்றுக்கும் விலை கேளுங்கள். எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய், வண்டி விட வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.