வகுப்பறையா, சமூகத் தோட்டமா?

எந்தச் செடியை எங்கே நடுவது என்று திட்டமிடும் நடவு வடிவமைப்பைக் கற்க ஆசைப்பட்ட நான் சிங்கப்பூரில் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். முதலில் வார இறுதிக் குறும்படிப்பு. அப்புறம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் மூன்று ஆண்டு. என் ஓட்டு தோட்டத்துக்கே.

வரைபடம் போடவும் செடிகளின் அறிவியல் பெயர்களைப் பழகவும் வகுப்பு நல்லது. பூங்கா, தோட்டம் போன்ற வெளியிடங்களை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் வேலைதான் குறி என்றால் பட்டம் வேண்டும். மண்வெட்டி பிடித்த கதையைச் சொல்லி அந்த வேலை வாங்க முடியாது.

ஆனால் ஒரே பாத்தியை வருடம் முழுக்கப் பார்ப்பது வேறு. ஒரு டிசம்பரில், புளோக்கின் வடக்குப் பக்கத்தை அளந்து 'முழு நிழல்' என்று எழுதிக்கொண்டு, பறவைக்கூட்டுப் பெரணிகளை வரிசையாக நட்டேன். அந்த மாதம் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கட்டடத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதி நீளத்துக்கு நிழல் வடக்கே விழும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் இல்லையா, ஜூனில் சூரியன் வடக்குப் பக்கம் வந்துவிட்டது. பெரணி இலைகளின் ஓரம் அப்பளம் போலப் பழுத்து, தொட்டால் நொறுங்கியது. சூரியன் இப்படி நகர்வதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். பாத்தி வாடிய பிறகுதான் உறைத்தது.

அடுத்தது பராமரிப்பு. எனக்கு இதுதான் முடிவான காரணம். வகுப்பில் காட்டிய படங்களில் பாதி குளிர்நாட்டுத் தோட்டங்கள். அங்கே குளிர்காலம் வந்தால் செடி ஓய்ந்துவிடும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வளர்ச்சிக்கு விடுமுறையே கிடையாது. தாளில் அடக்கமான வட்டமாக வரைந்த ஹெலிகோனியா, மண்ணுக்குள் கிழங்கை ஓடவிட்டு அடுத்த பாத்தியின் வெட்சிக்கு நடுவே தலைநீட்டியது. "நட்டது நீ, வெட்டுறது நானா?" என்று பக்கத்து புளோக் அக்கா கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தாலும், இதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

செடிகளைப் பார்த்துப் பழக பூமலைக்கும் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) ஹார்ட்பார்க் தோட்டக்கலைப் பூங்காவுக்கும் போகலாம், நுழைவு இலவசம். ஆனால் அங்கே முடிவைத்தான் பார்ப்போம், வேலையை அல்ல.

கூரைத் தோட்டம், செங்குத்துத் தோட்டம் இரண்டிலும் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. தளம் தாங்கும் எடை, வடிகால், நீர்க்கசிவு என்று வரும்போது என் மூன்று ஆண்டு மண்வெட்டி அனுபவம் உதவாது. அதற்கு வகுப்புக்குத்தான் போகவேண்டும்.