அப்பாவின் நெகட்டிவ்கள்: கடையில் கொடுத்துப் பார்த்தேன், பிறகு நானே உட்கார்ந்தேன்

பீரோ மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அப்பா 1970களில் அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்த சதுரமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், பிற்பாடு எடுத்த 35 எம்எம் கலர் நெகட்டிவ்கள், எல்லாம் அதில்தான். திறந்ததும் லேசாக வினிகர் வாடை அடித்தது. ஃபிலிமின் அசிடேட் என்கிற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கினால்தான் அந்த வாடை வரும் என்று தெரிந்த பிறகு தள்ளிப்போட மனமில்லை.

முதலில் மதுரையில் ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரு பிரேமுக்கு 20 ரூபாய், முதல் தவணையாக 140 பிரேம், 2,800 ரூபாய். இரண்டு வாரத்தில் பென் டிரைவ் கைக்கு வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு படமும் 1800க்கு 1200 பிக்சல், அதாவது 6க்கு 4 இன்ச் பிரிண்ட் போடுகிற அளவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில படங்களில் அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை. அதைக்கூடக் கணினியில் ஒரு சொடுக்கில் சரிசெய்துவிடலாம். தாத்தா முகத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ‘தெளிவாக்குகிறோம்’ என்று ஏதோ ஏஐயில் விட்டிருக்கிறார்கள், அவர் கன்னத்து அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லாமல் மெழுகு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நெகட்டிவ்கள் திரும்பி வந்தது சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு!

அப்புறம்தான் நண்பரிடமிருந்து பழைய எப்சன் பெர்பெக்‌ஷன் வி600 ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். 2009ல் வந்த மாடல், ஆனால் வீட்டு வேலைக்கு இன்றும் தாராளம். வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நெகட்டிவ் ஸ்கேன் ஆக மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும். அதே கம்பெனியின் வி39 போன்ற மெல்லிய ஸ்கேனர்களில் அது கிடையாது, அவை பிரிண்டுக்கு மட்டும்தான். வி600ல் 35 எம்எம் ஃபிலிமுக்கான சட்டத்தில் ஒரே தடவையில் 12 பிரேம் வைக்கலாம், அக்ஃபா கிளிக்கின் அகலமான 120 ஃபிலிமுக்குத் தனிச் சட்டம் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது டிஜிட்டல் ஐஸ் என்கிற வசதி. அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு தடவை ஸ்கேன் செய்கிறது. கலர் நெகட்டிவின் சாயத்தை அந்த ஒளி ஊடுருவிப் போய்விடும், தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும், அந்த இடங்களை மென்பொருள் பார்த்து நிரப்பிவிடும். 1988ல் எடுத்த அக்கா சடங்கு ஃபிலிம் முழுக்கக் கீறல், அது பளிச்சென்று வந்தது. நேரம்தான் பிடிக்கும், ஒரு சட்டம் முடிய அரை மணிக்கு மேல். அதே சந்தோஷத்தில் கறுப்பு வெள்ளைக்கும் ஐஸைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன், வந்து பார்த்தால் முகமெல்லாம் திட்டுத்திட்டாக அரித்த மாதிரி. தப்பு என்னுடையது. கறுப்பு வெள்ளைப் படமே வெள்ளித் துகள்தான், அதுவும் அகச்சிவப்பை மறிக்கும், பாவம் மென்பொருள் அப்பா தலைமுடியையே தூசி என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. அவற்றுக்கு ஐஸை அணைத்துவிட்டு, ரப்பர் ஊதியால் ஊதி, பருத்திக் கையுறை போட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் வேலை. மதுரையில், மே மாதத்தில். வியர்வை நெகட்டிவ் மேல் சொட்டாமல் பார்த்துக்கொண்டதுதான் பெரிய திறமை.

டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு வைப்பது என்று பலர் குழம்புகிறார்கள். பிரிண்டுக்கு 600 போதும், ஸ்டாம்ப் அளவுப் படமென்றால் 1200. 35 எம்எம் நெகட்டிவுக்கு நான் 3200 வைக்கிறேன். இந்த வகை மேஜை ஸ்கேனர்களில் அதற்கு மேல் போனால் கோப்பின் கனம்தான் ஏறுகிறது, படத்தில் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. சதுர நெகட்டிவுக்கு 2400, அதிலேயே பக்கத்துக்கு 5,000 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. அசலைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, ஊருக்கு அனுப்பக் கனம் குறைந்த ஜேபெக். சுருண்டுபோன ஃபிலிமைக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் வைத்த பிறகுதான் சட்டத்தில் படிந்தது.

பிரிண்ட் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ஐம்பது அறுபது என்றால் ஸ்கேனரே வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் நல்ல மொபைல் போதும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள், எங்கள் வீட்டில் பாதித் தேதிகள் அங்கேதான் கிடைத்தன. கடைக்குத்தான் போவேன் என்றால் ஐந்து பிரேம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், பிக்சல் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், முகத்தில் கை வைக்கக் கூடாது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பிரிண்ட்தான் இருக்கிறதே, நெகட்டிவ் எதற்கு என்பவர்களுக்கு ஒரு சங்கதி. பெரியப்பா கல்யாணத்தில் அப்பா எடுத்த குரூப் போட்டோவில் தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது சின்ன அத்தையின் நாற்பது வருட மனக்குறை, எந்த விசேஷமானாலும் ஒரு தடவை வந்துவிடும். ஆல்பத்திலும் அவர் இல்லைதான். சதுர நெகட்டிவை முழுசாக ஸ்கேன் செய்தபோது இடது ஓரத்தில் பாவாடை சட்டையில், கையில் முறுக்கோடு, கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறார். போஸ்ட்கார்டு சைஸுக்காக ஸ்டுடியோக்காரர் வெட்டியிருக்கிறார். படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அத்தை போன் செய்தார். “பெருசா ஒண்ணு போட்டுக் கொண்டா. இந்தத் தடவையாவது வெட்டாம போடச் சொல்லு.”